தந்தியில் வந்த பேர்

என் கொழுந்தன் பேச்சிமுத்து செத்துப்போனான் என்று பட்டாளத்திலிருந்து தந்தி வந்த நேரத்தில், அவன் எங்கள் வீட்டு முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பை வழித்துத் தின்றுகொண்டிருந்தான். தபால்காரர் தந்தியை வாசித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். அவன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டாளத்தில் பேச்சிமுத்து என்ற பேரில் இருந்தது என் வீட்டுக்காரர்.

இது தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆவணி மாதம் நடந்தது. வடக்கே ஏதோ ஒரு மலைப் பாதையில் லாரி உருண்டு நாலு பேர் செத்துப்போனார்கள், அதில் அவரும் ஒருவர்.

இந்தப் பேர் மாறாட்டத்தைச் செய்தது என் மாமனார் மொக்கைச்சாமி. எங்கள் ஊர் கான்சாபுரத்துக்கு மேற்கே, மலையை ஒட்டி இருக்கிறது. வானம் பார்த்த பூமி. ஒரு வருஷம் விளையும், இரண்டு வருஷம் காயும். அதனால் வீட்டுக்கு ஒரு ஆளைப் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ அனுப்பிவிட்டால் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம் என்று எல்லோரும் நினைப்பார்கள். மாமனாருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். இளையவன் பேச்சிமுத்து எட்டாம் வகுப்பு பாஸ், ஆனால் நெஞ்சளவு கிடையாது. மூத்தவருக்கு நெஞ்சளவு உண்டு, சர்டிபிகேட் கிடையாது. மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்க இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எழுபத்தாறில் ராஜபாளையத்தில் ஆள் எடுத்தபோது மாமனார் தம்பியின் சர்டிபிகேட்டை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். “ரெண்டும் ஒரே ரத்தந்தானலே, பேருல என்ன கெடக்கு” என்றாராம். இப்படிப் போனவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். போனவன் செத்தால் என்ன ஆகும் என்று ஒரு ஆண்பிள்ளைக்கும் தோன்றவில்லை. பேரில் என்ன கிடக்கிறது என்று அந்தக் கிழவனிடம் நான் கேட்டிருப்பேன், அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். மாமனாரை அவன் இவன் என்கிறேனே என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. லீவில் வரும்போதெல்லாம் சொல்வேன், அந்தப் பேரை எப்படியாவது சரிபண்ணிவிட்டு வாருங்கள் என்று. “அங்க நம்பருதான் செல்லத்தாயி. பேர யாரு பாக்கா” என்று சிரிப்பார். அவர் செய்த ஒரே நல்ல காரியம், கல்யாணமான கையோடு பெண்சாதி செல்லத்தாய் என்று பட்டாள ரிகார்டில் என் பேரைச் சேர்த்தது. இன்னொன்றும் செய்தார். கிணறு வெட்டினார். மூன்று லீவு, ஒவ்வொன்றும் இரண்டு மாதம். ஊரில் மற்ற பட்டாளத்தார்கள் டிரான்சிஸ்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிய, இவர் கூலியாட்களோடு பாறைக்குள் இறங்கிக் கிடந்தார். அந்த இரண்டு ஏக்கர் கிணற்று வயலை அவருடைய சொந்தப் பேரிலேயே கிரயம் செய்திருந்தோம். அதற்கும் மேற்கே, பன்றி வந்து உழுதுவிட்டுப் போகிற கல்லுக்காடு மூன்று ஏக்கர். அது பாகப்பிரிவினையில் பேச்சிமுத்துவுக்குப் போனது. மேட்டுப் புஞ்சை என்போம்.

உடம்பு வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்களாம். ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் வந்தது. மேலே வெள்ளை பெயிண்டில் பேச்சிமுத்து என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் பேச்சிமுத்துவின் பெண்டாட்டி அங்காளம்மாள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலை மறித்து நின்றுவிட்டாள். “எம் புருசன் பேரு போட்ட பெட்டி இது. வீட்டுக்குள்ள வந்தா என் தாலிக்கு ஆகாது” என்றாள். பெட்டியை மாட்டுத் தொழுவத்தில் இறக்கினார்கள். நான் சாணிக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் இருந்தது.

பட்டாளத்து ஆபீசிலிருந்து காகிதம் வந்தது. இறந்த பேச்சிமுத்துவின் விதவை செல்லத்தாய்தான் என்று தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கி அனுப்பினால், பென்ஷன் என் ஆயுளுக்கும் வரும். என் மகள் சண்முகத்தாய்க்கு அப்போது எட்டு வயது. அந்தப் பென்ஷன்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு. மழை பெய்தாலும் பொய்த்தாலும் ஒன்றாம் தேதி வருகிற சோறு.

நான் செய்த முட்டாள்தனத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. சொன்னால் ஆயுள் குறையுமாம். நான் ஒருபடி மேலே போனவள். அவர் பேரில் மலை இருப்பதால், எதிரே நிற்கிற மலையைக்கூட மலை என்று சொல்லாமல் ‘மேக்க’ என்பேன். மேக்க மழை, மேக்க தீப்பிடிச்சிருக்கு, இப்படி. பத்து வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். முப்பத்தைந்து வயதில் அவர் செத்துப்போனார். இதற்கு நான் தினம் நூறு தடவை கூப்பிட்டிருக்கலாம்.

அவர் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வி.ஏ.ஓ. முன்னால் போய் நின்றால், “புருசன் பேரு?” என்பார். நான் பேச்சிமுத்துவைப் பார்ப்பேன். அவன் சொல்வான். போஸ்ட் ஆபீசிலும் அவன்தான் சொன்னான், பத்திரம் எழுதுகிறவரிடமும் அவன்தான் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். அவன் விரலை வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இருந்தது. படிக்கவில்லை. வீட்டு ஆம்பிளை, நமக்காக அலைகிறான், அவனைச் சந்தேகப்படுவதா என்று இருந்துவிட்டேன்.

மாசி மாதம் ஒரு நாள் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போனேன். நெல் கதிர் வாங்குகிற நேரம். மோட்டார் ரூமில் என் பூட்டு இல்லை, வேறு பூட்டுத் தொங்கியது. பேச்சிமுத்து பூவரச மர நிழலில் உட்கார்ந்து பல்லுக் குத்திக்கொண்டிருந்தான்.

“மதினி, சாவி எங்கிட்டதான் இருக்கு. இனிமே கிணத்து வயல நான் பாத்துக்கிடுதேன்.”

“எதுக்கு?”

“பட்டா யாரு பேருல இருக்கு?”

அந்தப் பேரை நான் சொல்லமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும்.

“மலைச்சாமி பேருல. இப்பம் மலைச்சாமி யாரு? நாந்தான்” என்றான். பிறகு பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி நிதானமாக விளக்கினான். “சர்க்காரு காயிதப்படி செத்தது பேச்சிமுத்து. ஒரே ஆளு செத்தும் இருக்க முடியாது, ரேசன் கார்டுலயும் இருக்க முடியாது. அதனால எம் பேர நானே அடிச்சிட்டேன். குடும்பத் தலைவர் மலைச்சாமி, மனைவி அங்காளம்மாள்னு புதுக் கார்டு வாங்கியாச்சு. பேச்சிமுத்து செத்துட்டான்னு அவன் அண்ணன்ங்கிற முறையில கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கேன். உங்களுக்காகத்தான மதினி நான் செத்திருக்கேன்.”

“அதுக்கும் வயலுக்கும் என்ன?”

“மலைச்சாமி வயலு மலைச்சாமிக்கு. பேச்சிமுத்துவோட மேட்டுப் புஞ்சை, பேச்சிமுத்து பொஞ்சாதிங்கிற முறையில உங்களுக்கு வந்துரும். மூணு ஏக்கரு. ஒரு ஏக்கரு உங்களுக்குக் கூடுதலாத்தான் வருது. இதுக்கு நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீக.”

போட்டிருந்தேன். அவன் விரல் வைத்த இடங்களில் ஒன்று அது.

நான் கலங்கி நிற்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, ஆறுதலாக ஒன்று சொன்னான். “சண்முகத்தாயப் பத்திக் கவலப்படாதீக. பள்ளிக்கூடத்துல அவளுக்குத் தகப்பன் பேரு மலைச்சாமின்னுதான இருக்கு. அத மாத்தவே வேண்டாம். நாளைக்குக் கலியாணப் பத்திரிகையில மலைச்சாமி மகள்னு போட்டு நானே முன்ன நின்னு நடத்துதேன்.”

என் கையில் மண்வெட்டி இருந்தது. ஓங்கத்தான் ஓங்கினேன், ஆனால் வரப்பில் வெட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன். அன்றைக்கு அவன் மேல் போட்டிருக்கலாமே என்று இப்போதும் சில நாள் தோன்றுகிறது.

நேராக வி.ஏ.ஓ. வீட்டுக்குப் போனேன். அவர் எல்லாம் தெரிந்த மனுஷன். “இந்தா பாரும்மா, நீ வாயத் தொறந்தேன்னா பென்சனும் போயிரும். ஆள்மாறாட்டம் பண்ணிச் சேந்துட்டான்னு உன் புருசன் பேருதான் கெடும். அவன் மலைச்சாமியா இருந்துட்டுப் போறான். நீ மாசாமாசம் வாங்கிச் சாப்பிட்டுட்டு இரு” என்றார். மேட்டுப் புஞ்சையில் வந்து ஒரு நாள் ஏர் பிடித்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது.

அங்காளம்மாளுக்கும் இது பிடிக்கவில்லை. குழாயடியில் என்னைப் பார்த்து, “அக்கா, நான் தாலியோட இருக்கேன், காயிதத்துல எம் புருசன் செத்துட்டான். இப்பம் அத்தான் பேர இவுக வச்சிக்கிட்டாக. நான் இனி என்னன்னு கூப்பிட?” என்றாள்.

“நீ எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்ட இதுவரைக்கும்?” என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நெல்லை அவன்தான் அறுத்தான். மூட்டைகளில் பாதியை என் வாசலில் கொண்டுவந்து இறக்கினான். தெருவே பார்க்க இறக்கினான், கொழுந்தன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாலு பேர் சொல்வதற்காக. சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நான் என் வயல் நெல்லைப் பிச்சை மாதிரி உள்ளே அள்ளிப் போட்டேன். பிள்ளை பசித்திருந்தாள்.

மூன்று மாதம் யோசித்தேன். பென்ஷன் வேண்டுமென்றால் வயலை விட வேண்டும், அவர் பேரையும் விட வேண்டும். வயல் வேண்டுமென்றால் ஆயுளுக்கும் வருகிற சோற்றை விட வேண்டும். ராத்திரி ஒன்று தோன்றும், விடிந்ததும் மகள் முகத்தைப் பார்த்தால் இன்னொன்று தோன்றும். கடைசியில், தலையை ஆட்டிவிடுவோம் என்றுதான் முடிவு செய்தேன். ஆமாம், அப்படித்தான். வீரம் எல்லாம் ஒன்றும் இல்லை. பிள்ளைக்குச் சோறு வேண்டும், அவ்வளவுதான்.

ஆனி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசில் விசாரணை. கான்சாபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் போனோம். பேச்சிமுத்து சலவை வேட்டி கட்டியிருந்தான். எனக்கும் அவனே டிக்கெட் எடுத்தான், கண்டக்டரிடம் சத்தமாக, “நம்ம வீட்டு ஆளு” என்று சொல்லி. வராந்தாவில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தான், குடித்தேன்.

உள்ளே தாசில்தார் ஓய்வு பெறப் போகிற வயசுக்காரர். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காகிதங்களைப் புரட்டினார். அவர் மேஜையில் பட்டாளத்து மரணச் சான்று இருந்தது, புது ரேஷன் கார்டு இருந்தது, நான் கையெழுத்துப் போட்ட எல்லாம் இருந்தது. பக்கத்தில் நின்ற கிளார்க் வாசித்தார்.

“மனுதாரர் செல்லத்தாய். இறந்தவர் பேச்சிமுத்து, ராணுவம். சாட்சி, இறந்தவரின் அண்ணன் மலைச்சாமி. மலைச்சாமி யாருப்பா?”

“இருக்கேங்கய்யா” என்று என் பக்கத்திலிருந்து ஒரு அடி முன்னே போனான் பேச்சிமுத்து.

நான் எவ்வளவோ பொறுத்திருந்தேன். பூட்டைப் பொறுத்தேன், நெல்லைப் பொறுத்தேன். அவன் அந்தப் பேருக்கு ‘இருக்கேன்’ என்று சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தப் பேர்க்காரர் இல்லை. இல்லாமல் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அவரைக் கூப்பிட நான் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை, இவன் ரேஷன் கடையில் பேர் கூப்பிட்டதுபோல வந்து நிற்கிறான்.

தாசில்தார் என்னைப் பார்த்தார். “இறந்துபோன உங்க கணவர் பேரைச் சொல்லுங்கம்மா.”

“ஐயா, எங்க பக்கம் பொம்பளைக சொல்ல மாட்டாக. நான் சொல்லுதேன்” என்றான் அவன்.

தாசில்தாருக்கும் இது பழக்கம்தான்போல. சரி என்று பேனாவை எடுத்தார்.

“நான் சொல்லுதேன்” என்றேன். “மலைச்சாமி.”

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன், ஒட்டவில்லை. மறுபடியும் சொன்னேன். “மொக்கைச்சாமி மகன் மலைச்சாமி. கிணறு வெட்டுன மலைச்சாமி. பட்டாளத்துல செத்தது அவுகதான். தம்பி சர்டிபிகேட்டக் குடுத்து அவுகள அனுப்பினாக.”

பேச்சிமுத்து சிரிக்கப் பார்த்தான். “ஐயா, அண்ணன் போ...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு, “தம்பி போனதுல இருந்து மதினிக்குப் புத்தி சரியில்ல” என்றான்.

தாசில்தார் அந்தத் தடுமாற்றத்தைக் கேட்டுவிட்டார். அவனைக் கையமர்த்திவிட்டு என்னை முழுசாகச் சொல்லச் சொன்னார். சர்டிபிகேட், நெஞ்சளவு, தந்தி, ரேஷன் கார்டு, மோட்டார் ரூம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத எழுத அவர் முகம் கடுகடுத்தது. ஒரு இடத்தில் எழுதுவதை நிறுத்தினார்.

“அம்மா, இத நான் எழுதி அனுப்பினா உங்களுக்குப் பென்ஷன் வராது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரியும்யா. எம் மகளுக்குத் தகப்பன் இவன் இல்ல. அது காயிதத்துலகூட இருக்கக் கூடாது.”

தெரிந்துதான் சொன்னேன். பென்ஷன் இன்றுவரை வரவில்லை. பஞ்சம் வந்த வருஷங்களில், ஏன் வாயைத் திறந்தோம் என்று என் வாயிலேயே அடித்துக்கொண்ட நாளும் உண்டு. ஆனால் அன்றைக்கு அந்த மேஜைக்கு முன்னால் எனக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். “அப்ப நீ யாருய்யா?”

மலைச்சாமி என்று சொன்னால், மலைச்சாமியின் பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாள். பேச்சிமுத்து என்று சொன்னால், பேச்சிமுத்துவின் மரணச் சான்று மேஜையில் கிடக்கிறது, அவன் செத்துவிட்டான் என்று இவனே போட்ட கையெழுத்தும் கூடவே கிடக்கிறது. அவன் வாயைத் திறந்தான், மூடினான். பத்து மாதமாக எனக்கும் சேர்த்துப் பேசிய வாய். கிளார்க் அவன் புது ரேஷன் கார்டை எடுத்துத் தனியாக வைத்தார்.

“மதினி” என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “நான் இன்னாருன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லன்னா நான் எங்கயுமே இல்லாமப் போயிருவேன்.”

இவனை யாரென்றே எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அவன் பாடு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். செத்த நேரம் அவனை நிற்க வைத்துப் பார்த்தேன். அந்தச் செத்த நேரம் எனக்கு வேண்டியிருந்தது.

“எழுதிக்கிடுங்கய்யா” என்றேன் தாசில்தாரிடம். “இது எங் கொழுந்தன் பேச்சிமுத்து. உசுரோடதான் இருக்கான். எங்க வயலப் பிடுங்கினவன் இவன்தான். செத்தவன் மேல நான் கேஸ் போட முடியாதுல்லா.”